சோற்றுக்கு ஸனது கேட்கலாமா?

மனிதன் உண்ணும் பொருள்கள் பலவற்றிற்கும் பிறப்புக் கதைகள் உள்ளன. பசி தீர்ந்த பிறகு பேச்சுத் தொடங்கும், பேச்சு நீண்டால், "இதை முதன்முதலில் சமைத்தவர் யார்?" என்னும் கேள்வி எப்படியும் வந்து சேரும். அது ஆர்வத்தில் பிறக்கும் கேள்வி. அதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால், அதற்குச் சொல்லப்படும் விடை பல வேளைகளில் வேறொரு கேள்விக்கும் விடையாகிவிடுகிறது. இந்த உணவு யாருக்குரியது என்பது அக்கேள்வி. இன்னும் ஒரு படி சென்றால், இதை உண்பவன் எந்த மண்ணுக்குரியவன் என்றும் கேட்கத் தோன்றுகிறது. உணவின் பிறப்புக் கதையைக் கொண்டு உண்பவனின் பிறப்பை முடிவு செய்யலாமா? இதனையே இங்குச் சற்று ஆராய விழைகின்றோம்.

அரபு வணிகரும் பால் பையும்

மேல்நாட்டார் 'சீஸ்' என்றும் அரபியர் 'ஜுப்ன்' என்றும் அழைக்கும் பாலாடைக்கட்டி, நம் தமிழ்நாட்டு அடுக்களைக்குப் பழகிய பொருளன்று. பாலைத் தயிராக்கி, மோராக்கி, வெண்ணெய் திரட்டி, நெய்யுருக்கத் தெரிந்த நம் முன்னோர், அதனைக் கட்டியாக்கி மாதக்கணக்கில் முதிரவைத்து உண்ணும் வழக்கத்தைக் கைக்கொள்ளவில்லை. எனினும், அப்பண்டத்தின் பிறப்பைப் பற்றி உலகெங்கும் சொல்லப்படும் கதையின் நாயகர் ஓர் அரபு வணிகர் என்பதால் அது நம் கவனத்துக்குரியது.

பாலைவனப் பயணம் புறப்பட்ட அவ்வணிகர், ஆட்டின் இரைப்பையால் செய்த பையில் பாலை நிரப்பி ஒட்டகத்தின் மேல் கட்டிக்கொண்டாராம். பகலெல்லாம் வெயிலின் வெம்மை. ஒட்டக நடையின் குலுக்கல். அந்தியில் தாகம் தீர்க்கப் பையைத் திறந்தபோது உள்ளே பால் இல்லை. தெளிந்த நீர் ஒருபுறமும் வெள்ளைக் கட்டி ஒருபுறமுமாகப் பிரிந்து கிடந்தன. நீரைப் பருகினார், தாகம் தணிந்தது. கட்டியைத் தின்றார், பசி அடங்கியது. பாலாடைக்கட்டி பிறந்தது.

ஹதீஸ் கலை பயின்ற எவரும் ஒரு செய்தியைக் கேட்டவுடன் இரண்டு கேள்விகளை எழுப்புவர். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்பது ஒன்று. இதனை ஸனது என்கிறோம். சொல்லப்பட்ட செய்தி பொருந்துகிறதா என்பது மற்றொன்று. இது மத்னைப் பற்றியது. வணிகர் கதைக்கு ஸனது இல்லை. அவருக்குப் பெயரில்லை, ஊரில்லை, காலமும் இல்லை. மத்னைப் பார்த்தாலோ அதில் பாதி உண்மை. பால்குடி மறவாத கன்று, ஆட்டுக்குட்டி ஆகியவற்றின் நான்காம் இரைப்பையில் பாலை உறைய வைக்கும் நொதி ஒன்று உண்டு. அரபியர் அவ்வுறைபொருளை 'இன்ஃபஹா' என்பர். அத்தகைய இரைப்பைப் பையில் வெதுவெதுப்பான பால் நின்றால் திரண்டு கட்டியாவது இயற்கையே.

ஆனால் மீதிப் பாதி நிற்கவில்லை. போலந்து நாட்டின் குயாவியா வட்டாரத்தில் கிடைத்த, துளைகள் நிறைந்த மட்பாண்டச் சில்லுகளை ஆய்ந்த அறிஞர்கள், அவற்றில் பாற்கொழுப்பு படிந்திருப்பதை 2012ஆம் ஆண்டில் அறிவித்தனர். அச்சில்லுகளின் வயது ஏறத்தாழ 7,000 ஆண்டு. கட்டியை வடித்தெடுக்க உதவிய சல்லடைகள் அவை. ஒட்டகங்களின் மேல் சரக்கேற்றிப் பாலைவனத்தில் வணிகம் நடந்த காலத்துக்கு அவை பன்னெடுங்காலம் முந்தியவை. ஆக, கதையில் செய்முறை மெய், மனிதர் கற்பனை.

இத்தகைய கதைகள் ஏன் பிறக்கின்றன? எவர் என்று அறியாத எத்தனையோ கைகள் பல தலைமுறைகளாகக் கண்டறிந்த ஒன்றை நம் மனம் அப்படியே ஏற்பதில்லை. அதற்கு ஒரு முகமும் ஒரு நாளும் தேவைப்படுகின்றன. பிரான்சு நாட்டில் ரோக்ஃபோர் என்னும் சிற்றூரின் நீலப் பூசணம் படர்ந்த பாலாடைக்கட்டிக்கு ஓர் இடையன் கதை உண்டு. தொலைவில் ஒரு பெண்ணைக் கண்ட அவன், தன் உணவைக் குகையில் விட்டுவிட்டு அவள் பின்னே போனானாம். திரும்பி வந்து பார்த்தபோது கட்டியில் பூசணம் படர்ந்திருந்ததாம். அதே நாட்டின் காமம்பேர் கட்டிக்கு மரீ ஹரேல் என்னும் பெண்மணியின் பெயர் சொல்லப்படுகிறது. பிரெஞ்சுப் புரட்சிக்கு அஞ்சி ஒளிந்த ஒரு பாதிரியாரிடம் 1791இல் அவர் அச்செய்முறையைக் கற்றார் என்பர். 1928இல் அவருக்குச் சிலையும் எழுப்பினர். ஆனால், காமம்பேர் ஊரின் கட்டியைப் பற்றிய குறிப்பு 1708இல் வெளிவந்த ஓர் அகராதியிலேயே காணப்படுகிறது. சிலை நிற்கிறது, ஆண்டுக் கணக்கு ஒத்துவரவில்லை.

கதையும் உரிமையும்

கதை கதையாக இருக்கும் வரை தீங்கில்லை. கதையைக் காட்டி உரிமை கேட்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. நம் நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. பாலைத் திரித்துச் சேனா எடுத்து, உருட்டிப் பாகில் வேகவைக்கும் ரசகுல்லாவின் பொருட்டு வங்காளமும் ஒடிசாவும் பல்லாண்டு வழக்காடின. கல்கத்தாவின் நோபின் சந்திர தாஸ் 1868இல் அதனைப் படைத்தார் என்றது வங்காளம். பூரி ஜகந்நாதர் தேர்த் திருவிழா முடிந்து கோயிலுக்குத் திரும்பும் நாளில், ஊடல் கொண்ட இலக்குமிக்கு ரசகுல்லா கொடுத்துச் சமாதானம் செய்வது தொன்று தொட்ட மரபு என்றது ஒடிசா. முடிவு யாதெனில், வங்காளத்து ரசகுல்லாவுக்கு 2017லும் ஒடிசாவின் ரசகுல்லாவுக்கு 2019லும் தனித்தனியே புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு பொருளின் தரமும் புகழும் இன்ன வட்டாரத்தோடு பிணைந்தவை என்பதற்குச் சான்றே புவிசார் குறியீடு. உலகில் முதலில் சமைத்தவர் யார் என்னும் வழக்குக்கு அது தீர்ப்பாகாது. நம் பக்கத்து மணப்பாறை முறுக்குக்கு 2023இலும், திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இலும் அது கிடைத்தபோது, முதல் முறுக்கைச் சுற்றியவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. இன்றைக்கும் அங்கே அதைச் செய்யும் கைகள் இருக்கின்றன என்பதே போதுமானதாயிற்று. ரோக்ஃபோருக்கும் அப்படியே. 1411இல் பிரெஞ்சு மன்னர் அவ்வூராருக்கு அளித்த உரிமையும், 1925இல் இயற்றப்பட்ட சட்டமும் அந்த ஊரையும், அதன் குகைகளில் நடக்கும் முதிர்ச்சியையும் பற்றியவை. காதல் கொண்ட இடையனை எந்தச் சட்டமும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

சைப்பிரசுத் தீவின் செய்தி இன்னும் உருக்கமானது. அங்கே கிரேக்க மொழி பேசும் கிறித்தவர்களும் துருக்கி மொழி பேசும் முஸ்லிம்களும் ஒரே பாலாடைக்கட்டியைச் செய்கிறார்கள். முன்னவர் 'ஹல்லூமி' என்பர். பின்னவர் 'ஹெல்லிம்' என்பர். இரண்டும் 'ஹாலூம்' என்னும் அரபுச் சொல்லோடு உறவுடையவை. அதுவும் எகிப்தின் பழைய கிப்தி மொழியிலிருந்து வந்தது. 1974இல் அத்தீவு இரண்டாகப் பிளவுண்டது. ஆயினும் 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் அக்கட்டிக்கு உரிமைப் பதிவு வழங்கியபோது, இரு பெயர்களும் ஒரே பதிவில் இடம்பெற்றன. எல்லைக் கோடு பிரித்த மக்களின் இரு பெயர்களும் அந்த ஏட்டில் அருகருகே நிற்கின்றன.

நம் வீட்டுக் கதைகள்

இனி நம் சஹனுக்கு வருவோம். நமக்கும் கதைகள் உண்டு. போர்வீரர்கள் மெலிந்திருப்பதைக் கண்ட மும்தாஜ் பேகம், இறைச்சியும் அரிசியும் சேர்த்துச் சமைக்கச் சொன்னதால் பிரியாணி பிறந்தது என்பது அவற்றுள் ஒன்று. பிரியாணி என்னும் சொல் பாரசீகத்தின் வழி வந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், மும்தாஜ் குழந்தையாயிருந்த காலத்திலேயே எழுதப்பட்ட அபுல் ஃபஸலின் 'ஐனே அக்பரி'யில், அரிசியும் இறைச்சியும் சேரும் உணவு வகைகள் அளவுகளோடு குறிக்கப்பட்டுள்ளன. இதற்கு எதிராக, சங்க இலக்கியத்தில் வரும் ஊன்சோறே பிரியாணியின் தாய் என்று வாதிடுவோரும் உளர். சங்க காலத் தமிழர் ஊன்சோறு உண்டனர் என்பது மெய். அதனின்று இன்றைய பிரியாணி வரை ஒரு சங்கிலி தொடர்கிறதென்று காட்டுவார் இலர். இரண்டு கதைகளுக்கும் ஸனது நடுவிலேயே அறுந்து போகிறது.

வட்டலப்பத்தையும் எடுத்துக்கொள்ளலாம். தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் ஏலமும் சேர்த்து ஆவியில் அவிக்கும் இவ்வினிப்பு, இலங்கையில் பெருநாளின் அடையாளம்; நம் கடற்கரை ஊர்களிலும் விருந்தின் சிறப்பு. டச்சுக்காரர்கள் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்த மலாய் மக்களின் உணவு இது என்பர் ஒரு சாரார். மலாய் நாடுகளின் 'ஸ்ரீகாயா'வோடு இதற்குள்ள ஒற்றுமை கண்கூடு. 'வட்டில் அப்பம்' என்னும் தமிழ்ப் பெயரே இவ்வாறு மருவியது என்பர் மற்றொரு சாரார். பண்டம் கடல் கடந்து வந்திருக்கலாம். பெயர் இங்கேயே பிறந்திருக்கலாம். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருப்பதற்குத் தடையென்ன? கீழக்கரையின் தொதலும் மலாய் நாட்டுத் 'தோதோ'லின் உறவே. மரக்கலம் ஏறியவர்கள் சரக்கோடு சுவையையும் கொண்டுவந்தனர்.

இவையெல்லாம் பொழுதுபோக்கும் ஆராய்ச்சி என்று விட்டுவிட இயலாது. மாலை நேரத்தில் ஓத வரும் சிறுவன் ஒருவன், சில ஆண்டுகளுக்கு முன் பாடத்தின் நடுவே, "ஹஜ்ரத், பிரியாணி நம்ம நாட்டுச் சாப்பாடு இல்லையாமே?" என்று கேட்டான். யார் சொன்னார் என்று வினவினேன். பள்ளிக்கூடத்தில் உடன் படிக்கும் பையன், "உங்க சாப்பாடே வெளியிலேயிருந்து வந்தது, நீங்களும் அப்படித்தான்" என்றானாம். சொன்னவனும் சிறுவனே, அவன் எங்கோ கேட்டதைத்தான் சொல்லியிருப்பான். ஆனால் இவன் முகம் வாடியிருந்தது. நாம் பெருமைக்காகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கதை, பிறர் வாயில் நம் பிள்ளைகளை மண்ணிலிருந்து பெயர்க்கும் கடப்பாறையாகிறது என்பதை அன்று கண்டேன்.

"உங்கள் வீட்டில் குழம்பை என்னவென்று சொல்வீர்கள்?" என்று அவனைக் கேட்டேன். "ஆணம்" என்றான். ஆணம் பழந்தமிழ்ச் சொல்; அகராதிகளில் உறங்கும் அச்சொல்லை நாள்தோறும் வழங்கி உயிரோடு வைத்திருப்பது நம் பெண்களின் அடுக்களை. மீனாணம், கறியாணம், புளியாணம் என்று அது பல்கிக் கிடக்கிறது. நாட்டில் பலரும் சாதம் என்றும் ரைஸ் என்றும் மாறிவிட்ட பின்னரும் நாம் சோறு என்றே சொல்கிறோம். காலை உணவு உண்டாயா என்பதற்குப் 'பசியாறினாயா' என்று கேட்கிறோம். வெளியிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லப்படுவோரின் பானையில் இத்தனை பழந்தமிழ் எப்படி வந்தது?

இன்னொரு சாட்சியும் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் மொராக்கோவிலிருந்து புறப்பட்டு உலகம் சுற்றிய இப்னு பதூதா, மாலத்தீவு, இலங்கை, மலபார், மஅபர் எனப்பட்ட நம் கிழக்குக் கடற்கரை ஆகியவற்றில் தங்கினார். ரொட்டியே கிடைக்காமல் சோறு மட்டுமே உண்ண நேர்ந்து, ஒரு கட்டத்தில் தண்ணீரின் துணையின்றி அது தொண்டையில் இறங்கவில்லை என்று தம் பயண நூலில் வருந்துகிறார். அவரும் முஸ்லிம், அவரை வரவேற்று விருந்திட்டவர்களிலும் முஸ்லிம்கள் இருந்தனர். இருவரும் கிப்லாவை நோக்கி ஒரே ஸஃப்பில் நின்றனர். ஆனால் ஒருவருக்கு அமுதமான சோறு மற்றவர் தொண்டையில் இறங்கவில்லை. மார்க்கம் ஒன்று, மண் தந்த நாக்கு வேறு.

நாமும் செய்யும் தவறு

பிறர் நம்மைக் கதை கொண்டு அளக்கிறார்கள் என்று வருந்தும் நாம், நம்மவரை அப்படி அளப்பதில்லையா? நம் புதுக்கோட்டை மாவட்டத்தையே பாருங்கள். கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் எனக் கடலோரம் நெடுக நம் மக்கள் வாழ்கிறார்கள். அங்கே ஷாஃபிஈ மத்ஹபினர் மிகுதி. மேற்கே உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபினர் மிகுதி. கடலில் வாழ்வன எல்லாம் பொதுவாக ஆகுமானவை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வழக்கு. மீனைத் தவிர மற்றவை ஆகா என்பது ஹனஃபி மத்ஹபின் வழக்கு. எனவே கடலோரத்தில் நண்டு ஆணம் மணக்கும். உள்நாட்டு வீட்டில் அதற்கு இடமில்லை. இறாலைப் பற்றியோ ஹனஃபி அறிஞர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு.

இமாம்கள் ஆய்ந்து அளித்த கண்ணியமான கருத்து வேறுபாடு இது. ஆனால் இரு பக்கத்துக்கும் கொள்வினை கொடுப்பினை நேரும்போது, 'நண்டு தின்கிற கூட்டம்' என்று ஒருவரும், 'கடல் காணாத காட்டான்கள்' என்று மற்றவரும் முணுமுணுப்பது காதில் விழத்தான் செய்கிறது. எங்கள் முன்னோர் அரபு நாட்டார், எங்கள் சமையலே தனி என்று தலை நிமிர்வோரும் உளர். அண்மைக் காலத்தில் இஸ்லாத்தைத் தழுவிய குடும்பத்தாரின் வீட்டுச் சமையலை, இன்னும் பழைய வாடை போகவில்லை என்று இகழ்வோரும் உளர். கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் ஹலால் அல்லவா? பள்ளிக்கூடச் சிறுவன் நம் பிள்ளையைச் சொன்னதற்கும், விருந்துப் பந்தலில் நம்மவர் நம்மவரைச் சொல்வதற்கும் வேறுபாடு என்ன? இரண்டிலும் சோற்றைக் காட்டி மனிதனைத் தள்ளுகிறோம்.

நபிவழியில் ஓர் அளவுகோல்

இதற்கு மார்க்கத்தில் தெளிவான வழிகாட்டுதல் இருக்கிறது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஒரு நாள் பாலைவன உடும்பின் பொரித்த இறைச்சி விருந்தாக வைக்கப்பட்டது. அது இன்னதென்று அறிந்ததும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரலி) வினவினார்கள். ஹராம் அன்று, தம் சமூகத்தாரின் நிலத்தில் அது இல்லாததால் தமக்கு அதில் விருப்பம் எழவில்லை என்னும் கருத்தில் விடையளித்தார்கள் பெருமானார். அதே விரிப்பில் அமர்ந்து காலித் (ரலி) அதனை உண்டார்கள். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தடுக்கவில்லை.

இந்நிகழ்ச்சி ஸஹீஹான நூல்களில் பதிவானது. நாக்கின் விருப்பு ஊர்ப் பழக்கத்தால் வருவது என்பதை இறைத்தூதரே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதனைச் சட்டமாக்கவில்லை. தம் விருப்பின்மையைத் தம்மோடு வைத்துக்கொண்டு, உண்பவரின் உரிமையை உண்பவரிடமே விட்டார்கள். உண்டவரைக் குறைவாகவும் கருதவில்லை.

பாலாடைக்கட்டியைப் பற்றியும் செய்தி உண்டு. ஹிஜ்ரி 9இல் தபூக் சென்றிருந்தபோது நபி (ஸல்) அவர்களிடம் ஒரு பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டது. கத்தி ஒன்றைக் கொண்டுவரச் செய்து, இறைவன் பெயர் கூறி அதனை நறுக்கினார்கள் என்று அபூதாவூத் நூலில் காண்கிறோம். பின்னர் இராக் வெல்லப்பட்டபோது, நெருப்பை வணங்கும் மஜூஸிகள் செய்த கட்டியை முஸ்லிம்கள் உண்ணலாமா என்ற வினா எழுந்தது. அவர்கள் அறுத்த பிராணியின் இறைச்சி நமக்கு ஆகாது. ஆனால் அதன் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள்? அது தூய்மையானதே என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). தூய்மையற்றது என்றார்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). நபித்தோழர்கள் அக்கட்டியை உண்டிருக்கிறார்கள் என்பதைச் சான்றாகக் காட்டி, முதற்கருத்தின் பக்கம் நின்றார்கள் இப்னு தைமிய்யா (ரஹ்).

இவ்விவாதம் முழுவதிலும் நாம் கூர்ந்து காணத்தக்கது ஒன்றுண்டு. எது கலந்தது, எப்படி உறைந்தது என்பதையே அறிஞர்கள் ஆய்ந்தார்கள். பாலாடைக்கட்டியை முதலில் கண்டுபிடித்தவர் அரபியரா, பாரசீகரா என்று அவர்கள் கேட்கவில்லை. அந்நிய நாட்டுப் பண்டம் என்பதற்காக அதை விலக்கவுமில்லை. நம் இனத்தாரின் கண்டுபிடிப்பு என்பதற்காக எதையும் ஆகுமாக்கவுமில்லை.

அப்படியானால் கதைகளை என்ன செய்வது? எரித்துவிடுவதா? வேண்டியதில்லை. இஸ்ரவேலர்களிடமிருந்து வந்த பழங்கதைகளைக் குறித்து நபிவழி காட்டிய முறை இங்கேயும் பொருந்தும். அவற்றை எடுத்துச் சொல்வதில் குற்றமில்லை. ஆனால் அவற்றை மெய்யென்று சாதிக்கவும் வேண்டாம், பொய்யென்று மறுக்கவும் வேண்டாம் என்பதே அம்முறை. மார்க்க அறிஞர்கள் அதனின்று ஒரு விதியை வகுத்தார்கள். அத்தகைய கதையை அறிவுரைக்கும் அணிக்கும் பயன்படுத்தலாம். அதன்மேல் சட்டத்தைக் கட்டலாகாது. பால் பையைத் திறந்த வணிகரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மும்தாஜ் பேகத்தின் கதையையும் சொல்லுங்கள். கதை என்று சொல்லியே சொல்லுங்கள். அதை வைத்து எவர்க்கும் பட்டா எழுதவும் வேண்டாம், எவருடைய பட்டாவையும் கிழிக்கவும் வேண்டாம்.

சங்கிலி எங்கே இருக்கிறது?

இங்கே ஒரு தடை எழலாம். பூர்வீகத்தைப் பார்க்கக் கூடாதென்றால் எந்த உணவும் எவருக்கும் சொந்தமில்லை என்றாகிவிடாதா? நம் அடையாளம் கரைந்து போகாதா? நியாயமான கேள்வி இது. விடையை நோன்புக் கஞ்சியில் தேடுவோம்.

ரமலானில் அஸர் நேரத்தில் எந்தப் பள்ளிவாசலின் அருகே சென்றாலும் அதன் மணம் எதிர்கொள்ளும். பச்சரிசி, பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால், இஞ்சி, பூண்டு, கொத்துக்கறி, பட்டை, கிராம்பு, பச்சை மிளகாய், புதினா எல்லாம் சேர்ந்து பெரிய தேக்சாவில் குழையும். இவற்றின் பூர்வீகத்தைக் கேட்டால் என்னவாகும்? அரிசி நம் கண்மாய்ப் பாசனத்தில் விளைந்தது. பட்டைக்குப் பேர்போன நாடு இலங்கை. கிராம்பு மலுக்குத் தீவுகளில் பிறந்தது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, போர்த்துகீசியர் வழியே 16ஆம் நூற்றாண்டில் நம்மை அடைந்தது. கஞ்சி என்னும் சொல் தமிழ். அது இங்கிருந்து புறப்பட்டுப் போர்த்துகீசியர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளிலும் புகுந்தது. மொராக்கோவில் நோன்பாளிகள் 'ஹரீரா' அருந்துகிறார்கள்; நாம் கஞ்சி அருந்துகிறோம். பூர்வீகம் என்று பிரிக்கத் தொடங்கினால் தேக்சா காலியாகிவிடும்.

ஆனால் அது நம்முடையதே. எப்படி? இதை முதலில் காய்ச்சியவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் இன்று காய்ச்சுகிறவர் தமக்கு முன் காய்ச்சியவரிடம் பக்குவம் கற்றார். அவர் தமக்கு முந்தியவரிடம் கற்றார். ஜமாஅத்தார் முறை வைத்துச் செலவை ஏற்கிறார்கள். தூக்குவாளியோடு வரிசையில் நிற்போரில் பிற சமயக் குழந்தைகளும் இருக்கிறார்கள். மேல் சரியில்லாத பிள்ளைக்கென்று கேட்டு வாங்கிப் போகும் தாய்மாரும் இருக்கிறார்கள். 2001 முதல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருகிறது. கடல் கடந்து பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம்மவர் எழுப்பிய பள்ளிவாசல்களிலும் இக்கஞ்சி கொதிக்கிறது. உணவுக்கு ஸனது உண்டென்றால் அது இதுதான்: கையிலிருந்து கைக்கு வந்த பக்குவம், கையிலிருந்து கைக்குப் போகும் கலயம். இந்தச் சங்கிலியில் அறுந்த கண்ணி இல்லை. கட்டுக்கதை எதுவும் இதற்குத் தேவையுமில்லை.

பூர்வீகத்தின் உரிமை வேறு. பொறுப்பின் உரிமை வேறு. காய்ச்சத் தெரிந்து, காய்ச்சிக் கொடுத்து, அடுத்தவருக்குக் கற்றும் தருகிறவரே அதற்கு உரியவர். நாளை நம் இளைஞர்கள் தேக்சாவின் அருகே நிற்கக் கூசி, கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தால், எத்தனை அழகிய பூர்வீகக் கதை இருந்தும் பயனில்லை. சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். நோன்பு துறக்கும் வழக்கத்தை ஈரான், துருக்கி, உஸ்பெகிஸ்தான், அஜர்பைஜான் ஆகிய நான்கு நாடுகள் ஒன்றாக முன்மொழிய, யுனெஸ்கோ 2023இல் அதனை மானுட மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இது எங்களுடையது மட்டுமே என்று அந்நால்வரில் எவரும் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது.

நிறைவாக, குறைஷியரின் குல வரலாற்றிலிருந்து ஒரு செய்தி. பெருமானாரின் பாட்டனாரின் தந்தைக்கு அம்ரு என்பதே இயற்பெயர். மக்காவைப் பஞ்சம் வாட்டிய ஆண்டில் அவர் ஷாம் நாட்டிலிருந்து ரொட்டிகளைக் கொணர்ந்து, இறைச்சிச் சாற்றில் நொறுக்கிப் போட்டு ஊராருக்கு உணவளித்தார் என வரலாற்று ஆசிரியர்கள் கூறுகிறார்கள். நொறுக்கியவர் என்னும் பொருளில் ஹாஷிம் என்ற பெயர் அவருக்கு வந்தது. அவர் வழித்தோன்றல்கள் பனூ ஹாஷிம் ஆனார்கள். இது ஸஹீஹான ஹதீஸின் தரத்தில் வைத்து எண்ணத்தக்க செய்தியன்று. ஸீரா நூல்கள் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. மேலே சொன்ன விதிப்படியே இதன்மேல் சட்டமெதுவும் கட்ட வேண்டாம். ஆயினும் இதிலுள்ள படிப்பினை எவ்வளவு பெரிது! ரொட்டியும் அவர் கண்டுபிடித்ததன்று. கோதுமையும் மக்காவில் விளைந்ததன்று. அவர் அவற்றை எடுத்து, பசித்தவரின் முன் வைத்தார். உலகம் போற்றும் ஒரு குலத்தின் பெயர், உண்டதால் வந்ததன்று; ஊட்டியதால் வந்தது.

நம் கடற்கரை ஊர் விருந்துகளில் ஒரு சஹனைச் சுற்றிச் சிலர் அமர்ந்து உண்ணும் பழக்கம் இன்றும் இருக்கிறது. சஹன் என்பது அரபுச் சொல். அதிலிருப்பது தமிழ் மண்ணின் சோறு. நம் பிள்ளைகளின் மனத்தில் நாம் பதிக்க வேண்டியது, அச்சஹன் எங்கிருந்து வந்தது என்னும் பெருமையை அன்று. அதில் இன்னும் ஒருவருக்கு எப்போதும் இடமுண்டு என்பதையும், வந்து அமர்பவரிடம் அவருடைய பூர்வீகத்தைக் கேட்கக் கூடாது என்பதையுமே.